ஏழாவது நிலம்

ஃபுனாஃபுதி
12 ஜூன் 2008, வியாழன்

அன்புள்ள மலேக்கோ அண்ணனுக்கு,

தலோஃபா. அம்மா சொல்லச் சொல்ல எல்லாருடைய நலத்தையும் வெளித்தாளில் எழுதிவிட்டேன். அதை அங்கே யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். நாலாக மடித்து உள்ளே வைத்திருக்கும் இது உள்தாள், உங்களுக்கு மட்டும். ஊரில் இருந்தபோது நாம் ஒரே பாயில் உட்கார்ந்ததில்லை. நீங்கள் வீட்டுக்குள் வந்தால் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். அண்ணன் தங்கைக்கு அதுதான் மரியாதை. தாளுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று, நான் சுவாவில் படிக்கப் போனபோது நீங்கள்தான் முதல் கடிதத்தில் எழுதினீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இன்னும் எழுதுகிறேன்.

கேமரா நல்லபடியாக வந்தது. நேற்று மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் உங்கள் தளத்தைத் திறந்தேன். 'ஓலுவா டாட் டிவி' என்று அடித்த பிறகு பக்கம் வர ஆறு நிமிடம். வீடியோ கொஞ்சம் ஓடும், நிற்கும். இடைவேளை முடிவதற்குள் பதினோரு விநாடி பார்த்தேன். போன முறை ஊருக்கு வந்தபோது நீங்கள் எடுத்த படம், அதில் அப்பா வலையை எடுத்துத் தோளில் போடுகிறார். வீசுவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. வீசியதை ஆக்லாந்தில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். தெலாவி சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இணையப் பேர் கடைசியில வர்ற டிவிங்கிற ரெண்டு எழுத்து நம்ம நாட்டுக்குன்னு ஒதுக்கினது, நமக்குச் சொந்தம். அத நம்ம அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கு. அந்தக் கம்பெனிக்கு உங்க அண்ணன் காசு கட்டி, நம்ம நிலத்தோட பேரையே வாங்கியிருக்கான். நம்ம மீனை டின்ல அடைச்சு நமக்கே விக்கிற கதையா இருக்கே!"

"என் பிள்ளை வாங்கினா வாங்கட்டும். நீ வாங்கின மோட்டார் படகு எத்தனை நாள் ஓடிச்சு?" என்றாள் அம்மா. சித்தப்பா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை அப்பாவோடு படகில் நம் ஓலுவாத் தீவுக்குப் போனேன். புயலுக்குப் பிறகு நீங்கள் அங்கே போகவில்லை அல்லவா? தென்னை ஒன்றுகூட இல்லை. நீளமாக ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். கடல் ஏறினால் முழங்கால் தண்ணீர். அப்பா வழக்கம்போல நடுவில் போய் நின்று, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஒரு சந்தேகம். அந்தப் பெயரின் உரிமையாளருக்கான ஈமெயில் முகவரியாக என் முகவரியைக் கொடுத்திருக்கிறீர்களே, ஏன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் காலுறை போடுங்கள். தோஃபா.

தங்கை,
லிதியா


ராணுவி, ஆக்லாந்து
1 ஜூலை 2008

அன்புத் தங்கை லிதியாவுக்கு,

தலோஃபா. நீ, அப்பா, அம்மா எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். காலுறை இரண்டு ஜோடி போடுகிறேன், ஒன்றின்மேல் ஒன்று. தாளின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, உறைந்த பட்டாணி எத்தனை பெட்டி என்ற சீட்டு. குளிர்க்கிடங்கில் தேநீர் இடைவேளையில் எழுதுகிறேன். கையுறையோடு எழுதுவதால் எழுத்து என் எழுத்துபோல் இருக்காது.

உன் சந்தேகத்துக்குப் பதில். நான் பெயரை வாங்கியபோது கப்பலில் இருந்தேன். இன்று ஒரு துறைமுகம், நாளை ஒரு துறைமுகம். எந்த முகவரியைக் கொடுப்பது? அதோடு, நம் நாட்டு எழுத்து நம் நாட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும் என்றும் தோன்றியது. உன்னைவிடப் பத்திரமான ஆள் நம் வீட்டில் யார்? ஊசியைக் கொடுத்தால்கூட ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாய்.

சித்தப்பா சிரித்தால் சிரிக்கட்டும். கிடங்கிலும் சிரிக்கிறார்கள். "டேய் மலேக்கோ, காத்தை வாங்கி வச்சிருக்கியாமே, கிலோ என்ன விலை?" என்று கேட்கிறான் எங்கள் மேஸ்திரி. அவனுக்குத் தெரியாது. இணையத்தில் வீடியோ காட்ட நினைக்கிறவர்கள் எல்லாரும் இப்போது டிவி என்று முடியும் பெயரைத்தான் தேடுகிறார்கள். மீன்பிடி, ரக்பி, சமையல் மாதிரி நல்ல சொற்களை என்றைக்கோ எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருக்கும் ஒன்பது பெயரில் எட்டு, வாய் வலிக்கும் அளவுக்கு நீளம். ஓலுவா மட்டும்தான் ஆங்கிலத்தில் நாலே எழுத்து.

இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள். ஒரு வகை, பெயரை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு ஆள் வருவதற்குக் காத்திருப்பார்கள். இன்னொரு வகை, அதில் ஏதாவது கட்டுவார்கள். வெறும் மனைக்கும் வீடு கட்டிய மனைக்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? நான் கட்டுகிறேன். நீ படம் எடுத்து அனுப்பு. சாயங்காலம் விமான ஓடுதளத்தில் பந்து விளையாடுவது, சூரை மீன் பிடிப்பது, மரப்பெட்டித் தாளத்தோடு பாடி ஆடும் ஃபாத்தேலே ஆட்டம். ஆட்டத்தில் போட்டி போடும் இரண்டு பக்கத்தையும் எடு, இல்லாவிட்டால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்.

அப்பாவிடம் என் அன்பைச் சொல். அவர் வலை வீசியதை இதுவரை நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள். தோஃபா.

அண்ணன்,
மலேக்கோ


ஃபுனாஃபுதி
14 ஆகஸ்ட் 2008, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

தலோஃபா. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நீங்கள் அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே வரும்போது எல்லாருக்கும் கடைசியாக வந்தாள், எல்லாரும் பார்க்க வேண்டும் என்று.

இந்த விமானத்தில் வீடியோ அடங்கிய ஆறு தட்டுகள் அனுப்புகிறேன். படம் எடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்றால் யாரும் என்னிடம் பேசச் சொல்வதில்லை.

ஆனால் இங்கே ஒரு சங்கதி. உங்கள் தளத்தில் ஓலுவா என்று பெயர் இருப்பதால், நம் கைத்தாசியில் உள்ள பதினேழு பேரும் அதைத் தங்கள் நிலம் என்றே நினைக்கிறார்கள். ஒரே நிலத்தில் சேர்ந்து உண்பவர்கள் அல்லவா? புவா அத்தை பேரனின் முதல் பிறந்தநாளை அதில் போட்டாக வேண்டும் என்கிறார்.

"அத்தை, அது வெளியாளுங்களும் பாக்கிறது," என்றேன்.

"பாக்கட்டுமே! என் பேரன் பாக்க லாயக்கில்லாமலா இருக்கான்? ஓலுவாவில தேங்கா விழுந்த காலத்துல எனக்குப் பங்கு வந்துதா இல்லையா? இப்ப மட்டும் ஏன் வரக்கூடாது?"

ஒரு மணி நேரம் பிறந்தநாளைப் படம் எடுத்தேன். பிள்ளை முழுநேரமும் தூங்கியது.

கப்பலில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் தளத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "மரப்பெட்டி மேல் அடிப்பது என் மாமா. அவர் கையைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது." அதை ஒரு தாளில் எழுதியெடுத்து அந்த மாமாவின் வீட்டில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருடம் உங்கள் பங்கு வாடகையை, ஓடுதள நிலத்துக்கு அரசாங்கம் தருவதை, என் படிப்புக்கு விட்டுக்கொடுத்தீர்கள். நன்றி என்று நான் எழுதியதே இல்லை. இப்போதும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

குளிர் குறைந்ததா? தோஃபா.

லிதியா


ஆக்லாந்து
9 செப்டம்பர் 2008, செவ்வாய், காலை பத்து மணி

அன்புத் தங்கைக்கு,

தலோஃபா. எல்லாரும் நலமாக இருப்பீர்கள். நான் நலம். முதுகில் சின்னப் பிடிப்பு, பெரிதாக ஒன்றும் இல்லை.

படங்கள் அருமை. பிறந்தநாளை மட்டும் இன்னும் போடவில்லை. அத்தையிடம் 'வரிசையில் இருக்கிறது' என்று சொல்.

விஷயம் இது. ஓலுவா டாட் டிவியை வாங்க ஆள் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வீடியோ தளம் தொடங்கும் ஒரு கம்பெனி. அவர்களுக்கு நம் வலையும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். நாலு எழுத்து, டிவி என்று முடிகிறது, அவ்வளவுதான். ஒன்பதாயிரம் அமெரிக்க டாலர் தருகிறார்கள். ஐந்து வருடம் கட்டியதற்குக் கூலி வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். படங்களை வேறு பெயரில் மாற்றிவிடலாம்.

உனக்கு ஒரு ஈமெயில் வரும். உரிமையை மாற்றிக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்கும். 'சம்மதம்' என்ற இடத்தில் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம். அவரிடம் சொன்னால் பதினேழு பேரிடமும் கேட்பார். பதினேழு பேரும் பேசி முடிப்பதற்குள் அந்தக் கம்பெனியே இருக்காது.

உடம்பைக் கவனி. தோஃபா.

மலேக்கோ


ஃபுனாஃபுதி
2 அக்டோபர் 2008, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

தலோஃபா. நாங்கள் நலம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? அம்மா தேங்காய் எண்ணெய் காய்ச்சி அனுப்பச் சொல்கிறாள். விமானத்தில் எண்ணெய் விடுவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன்.

நேற்று சுதந்திர தினம் நன்றாக நடந்தது. மாணவர்கள் ஓடுதளத்தில் அணிவகுத்தார்கள். ஒரு நாய் கடைசிவரை அவர்களோடு கால் மாற்றாமல் நடந்தது. ஆட்டத்தில் நம் பக்கம் முதலில் தோற்றுக்கொண்டிருந்தது. பிறகு தெலாவி சித்தப்பா பெட்டியின் அருகில் உட்கார்ந்தார். அவர் குரல் ஏற ஏற, எதிர்ப்பக்கத்தில் இருந்த பெண்களே எழுந்து ஆடிவிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். மின்சாரம் இரண்டு முறை போனது. அந்த இருட்டிலும் பாட்டு நிற்கவில்லை. படத்தில் அந்த இடம் கறுப்பாக இருக்கும், வெட்டிவிடாதீர்கள்.

அலுவலகத்தில் இணைப்பு சரியில்லை.

அப்பா உங்களுக்காகச் சூரை மீன் காய வைத்திருக்கிறார். தோஃபா.

லிதியா


ஆக்லாந்து
21 அக்டோபர் 2008, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

தலோஃபா. நலம். நலமறிய ஆவல்.

இணைப்பு சரியானதா? ஈமெயில் இரண்டாம் முறையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றும் சில நாளில் காலாவதியாகிவிடுமாம். அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் மாத முடிவுக்குள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரே ஒரு அழுத்துத்தான், லிதியா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

சித்தப்பா பாடியதைக் கேட்டேன். கறுப்பை வெட்டவில்லை.

தோஃபா.

மலேக்கோ


ஃபுனாஃபுதி
20 நவம்பர் 2008, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

தலோஃபா. எல்லாரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மற்றபடி நலம் என்று எழுத முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்த வியாழக்கிழமை நான் அலுவலக வேலையாக நுகுஃபெத்தாவுக்குக் கப்பலில் போயிருந்தேன். அங்கே இணையம் கிடையாது. திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. மகன் கடிதம் வந்திருக்கிறது என்று அப்பா வழக்கம்போல எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். நான் இல்லாததால் புவா அத்தை படித்திருக்கிறார். வெளித்தாள் முடிந்ததும் அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இன்னொன்னு மடிச்சு வச்சிருக்கு, பாவம், தெரியாமப் போயிடப் போகுது" என்று அதையும் பிரித்துச் சத்தமாகப் படித்துவிட்டார். 'அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்' என்ற வரியை அப்பாவின் முகத்துக்கு நேராகவே படித்தாராம். படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அத்தைக்கு உறைத்ததாம்.

நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். சித்தப்பா குதித்திருக்கிறார். "ஓலுவாவ விக்கிறானா? யாரக் கேட்டு விக்கிறான்?"

"நீதான் காத்துன்னு சிரிச்ச. காத்த வித்தா உனக்கென்ன?" என்றாளாம் அம்மா.

"சிரிச்சது வேற, விக்கிறது வேற!"

"என் பேரன் பொறந்தநாளையும் சேத்தா விக்கிறான்?" என்று அத்தை அழுதாராம்.

 அப்பா தாளை வாங்கி, பழையபடியே நாலாக மடித்து, என் பெட்டிமேல் வைத்துவிட்டுப் படகுக்குப் போய்விட்டாராம். திரும்பி வந்து பார்த்தபோது அது அங்கேயே இருந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியது. இணைப்பு சரியாகத்தான் இருந்தது. முதல் ஈமெயில் செப்டம்பர் பதினாறாம் தேதியே வந்தது. திறந்தேன். 'இந்தப் பெயரின் மீதுள்ள உரிமை முழுவதையும் நிரந்தரமாக விட்டுத்தரச் சம்மதமா' என்று இருந்தது. கீழே சம்மதம் சொல்பவர் என்று ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம், என் பெயருக்கு. அலுவலகத்தில் நான் நிலக் குத்தகைத் தாள்கள் தட்டச்சு செய்கிறேன். நம் நிலம் எதையும் பற்றி யாரும் ஒரே ஆளை மட்டும் கேட்டு நான் பார்த்ததில்லை. சம்மதம் என்று அழுத்தக் கை வரவில்லை. மாட்டேன் என்று உங்களுக்கு எழுதவும் கை வரவில்லை. நான் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தினமும் மதியம் திறந்து பார்த்தேன். ஏழாம் நாள் காலாவதியாகிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வந்தபோதும் அப்படியே விட்டுவிட்டேன். நுகுஃபெத்தாவில் இருந்து வந்தபோது மாதக் கெடுவும் போய்விட்டிருந்தது.

அந்த நிம்மதி இப்போது இல்லை. உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூலை வரை பட்டாணிச் சீட்டு. செப்டம்பரிலிருந்து கோடு போட்ட தாள், ஓரத்தில் நூலக முத்திரையில் பாதி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கிடங்கில் மூச்சுவிடாமல் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்போம் என்று முன்பு நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணா, உங்களுக்கு வேலை இருக்கிறதா? பதில் எழுத வேண்டாம் என்றால் எழுத வேண்டாம்.

லிதியா


ஆக்லாந்து
9 டிசம்பர் 2008

அன்புள்ள அப்பா, அம்மா, மற்றும் குடும்பத்தார் அனைவருக்கும்,

தலோஃபா. ஆண்டவர் அருளால் நான் நலம். உங்கள் அனைவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். இங்கே வெயில் காலம் தொடங்கிவிட்டது. நம் சபையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடக்கிறது. இந்த முறை டின் இறைச்சிப் பெட்டி அனுப்ப முடியவில்லை, மன்னிக்கவும். லிதியாவின் கடிதம் கிடைத்தது.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தோஃபா.

மலேக்கோ


ஃபுனாஃபுதி
8 ஜனவரி 2009, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

தலோஃபா. உங்கள் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்து, உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். உள்ளே வேறு எதுவும் இல்லை. எல்லாரும் நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் கோபம் நியாயம்தான். அதைப் பற்றி எழுதவில்லை. நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

புத்தாண்டு முடிந்த சனிக்கிழமை, ஓடுதள வாடகையைப் பிரிக்க கைத்தாசி கூடியது. ஒவ்வொரு வருடமும் நம் நிலப் பட்டியலை நான் தட்டச்சு செய்து கொண்டுபோவேன், தெரியுமே. ஆறு நிலம். ஓடுதளத் துண்டு, வீட்டு மனை, புலாக்காக் கிழங்குக் குழி இரண்டு, கரைத் துண்டு, ஆறாவது ஓலுவா. இந்த முறை ஏழாவது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். 'ஓலுவா டாட் டிவி. பாடுபடுபவர்: மலேக்கோ.'

சித்தப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதுக்கு எல்லைக் கல்லு எங்க நடறது, லிதியா? கம்ப்யூட்டர் மேலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆறாவது நிலத்துக்கு இப்ப எல்லை எங்க இருக்கு, சித்தப்பா? கடல் ஏறினா காணாமப் போகுது. அதப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டோமா?"

 யாரோ "உக்காரும்மா" என்றார்கள். புவா அத்தை திரும்பி, "சும்மா இருங்க. அது வாயத் தொறக்கிறதே அபூர்வம், பேசட்டும்" என்றார்.

"ஏழாவது நிலத்த நாம யாரும் வாங்கல. அண்ணன் வாங்கினார். அஞ்சு வருஷமா அவர்தான் அதக் கட்டிக் காப்பாத்துறார். நிலத்துல பாடுபடுறவங்களுக்கு முதல் பங்குன்னுதானே நம்ம வழக்கம்? பேரு நம்மளுதுன்னு கோவப்பட்டோம். அப்ப பாடும் நம்மளுதுதானே? இந்த வருஷ வாடகையில முதல் பங்கு அண்ணனுக்குப் போகணும். ஆறு வருஷம் அவர் பங்க நான் தின்னேன்."

உங்களுக்கு வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது உறுதியாகத் தெரியவும் தெரியாது. ஏன் இப்போது, ஏன் இவ்வளவு என்று யாராவது கேட்பார்கள், என்ன சொல்வது என்று பயந்துகொண்டே நின்றேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்பா எழுந்து வந்து முதல் கையெழுத்தைப் போட்டார். பிறகு சித்தப்பா, "பேனா எழுதுதா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது அம்மா சொன்னாள்: "மூணு மாசமா டின் இறைச்சி வரல. எனக்குத் தெரியாதாக்கும்? புவாவுக்கும் தெரியும். அவன் சொல்லட்டும்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டிருந்தோம்."

ஆக்லாந்துக்கு வரும் பாதிரியார் மனைவியிடம் காய்ந்த சூரை மீனும், தென்னங்கள் பாகு ஒரு போத்தலும், வாடகைப் பணமும் கொடுத்தனுப்பியிருக்கிறோம். பட்டியலும் இதோடு இருக்கிறது. பதினாறு கையெழுத்து இருக்கிறது. பதினேழாவது இடம் உங்களுடையது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், மறைக்கக்கூடாது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது கைத்தாசி நிலம். அப்புறம் நீங்களாக விற்க முடியாது. போடாவிட்டாலும் பணமும் மீனும் உங்களுடையவைதான், அப்பா அப்படித்தான் சொல்லச் சொன்னார். இன்னொரு ஈமெயில் வந்தால், நீங்கள் சொன்னபடியே அழுத்துவேன். இனி இணைப்பு சரியில்லை என்று எழுதமாட்டேன்.

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? தோஃபா.

லிதியா


ஆக்லாந்து
24 பிப்ரவரி 2009

அன்புள்ள அப்பா, அம்மா, புவா அத்தை, தெலாவி சித்தப்பா, லிதியா, மற்றும் கைத்தாசியில் உள்ள எல்லாருக்கும்,

தலோஃபா. எல்லாரும் பாயில் உட்கார்ந்த பிறகு படிக்கவும். இந்தக் கடிதத்திலும் உள்தாள் இல்லை. போன முறை கோபத்தில் வைக்கவில்லை. இந்த முறை வைப்பதற்கு ஒன்றும் இல்லை. லிதியா, நீயே படி. எந்த இடத்திலும் நிறுத்தாதே, எதையும் விட்டுவிடாதே.

போன ஆகஸ்டில் கிடங்கில் பெட்டி தூக்கும்போது முதுகு போய்விட்டது. இரண்டு வாரம் படுத்துவிட்டு எழுந்து போனபோது என் இடத்தில் வேறு ஆள். அன்றிலிருந்து நான் வேலையில் இல்லை. காலையில் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே சூடு இருக்கும், கணினியும் இருக்கும். வீட்டு வாடகைக்குப் பாதியை நம் சபையில் ஒருவர் கொடுத்தார். இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கடலிலும் கிடங்கிலும் சம்பாதித்து அனுப்பியவன் நான். எனக்கு யாரும் அனுப்பி வாங்கிப் பழக்கமில்லை.

ஜனவரியில் அந்தக் கம்பெனி திரும்பவும் வந்தது. இந்த முறை பன்னிரண்டாயிரம். லிதியாவைக் கேட்காமலேயே பெயரை மாற்ற வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒரு படிவம் நிரப்பி, பாஸ்போர்ட் நகல் இணைத்து அனுப்பினால் போதும். நிரப்பிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். மறுநாள் அஞ்சலில் சேர்க்க வேண்டும். அன்று சாயங்காலம்தான் பாதிரியார் மனைவி வந்து கதவைத் தட்டினார்.

மீனைப் பிரித்ததும் அறை முழுக்க நம் வீட்டு வாசனை. பக்கத்து அறைக்காரன் வந்து, "என்னடா செத்துப்போச்சு இங்க?" என்றான். அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அடுத்த நாளும் வந்து கேட்டான்.

பட்டியலை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சித்தப்பாவின் கையெழுத்து தாளைக் கிழித்திருக்கிறது, அத்தனை அழுத்தம். ஆறாவது வரி ஓலுவா, ஏழாவது வரி ஓலுவா. ஒட்டிய உறை பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லிதியா, அந்த ஈமெயிலை நீ ஏழு நாள் திறந்து திறந்து பார்த்தாயே, அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கம்பெனிக்குப் பதில் எழுதிவிட்டேன்: இந்த நிலத்துக்குப் பதினேழு பேர் சொந்தம், விற்பனைக்கு இல்லை. அவர்கள் ஒருவேளை சிரித்திருப்பார்கள். வேறு நாலு எழுத்து அவர்களுக்குக் கிடைக்கும்.

இந்த வாரம் பெயரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாடகைப் பணத்தில்தான் கட்டினேன். உரிமையாளர் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு, அப்பாவில் தொடங்கிப் பதினேழு பெயரையும் வரிசையாக அடித்தேன். மூன்றாவது பெயரோடு இடம் முடிந்துவிட்டது, மேலே ஏற்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'ஓலுவாவில் சேர்ந்து உண்பவர்கள்' என்று நம் பாஷையில் அடித்தேன். அதை ஏற்றுக்கொண்டது.

புவா அத்தைக்கு: பேரனின் பிறந்தநாளை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அறுபது பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், 'நன்றாகத் தூங்குகிறான்' என்று எழுதியிருக்கிறார்.

முதுகு தேறிவருகிறது. ஒரு பள்ளியில் காவல் வேலைக்குக் கேட்டிருக்கிறேன், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்ட பட்டியல் இந்த உறையிலேயே இருக்கிறது. லிதியா, உறையைக் கவிழ்த்துத் தட்டு. விழும்.

தோஃபா.

மலேக்கோ